தழும்புகளோடு ஓடட்டும்

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் தொழிற்சாலையொன்றில் உருவாகி, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, பட்டணத்து வர்த்தகரின் கையிலிருந்து வட இலங்கையின் வன்னிக் கமக்காரரின் கைக்கு மாறி, நெல்லும் மிளகாயும் வைக்கோலும் மணலும் சுமந்து, யுத்தம் வந்த காலத்தில் வீட்டுச் சாமான்களையும் நடக்கமாட்டாத முதியோரையும் சுமந்து, இறுதியில் ஏதோவொரு வேலியோரத்தில் சில்லுகள் கழன்று கல்லின்மேல் நிற்கும் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப்பை, இனி அது ஆதாயம் எதுவும் தரப்போவதில்லை என்று நன்றாய்த் தெரிந்திருந்தும், பணமும் பொழுதும் செலவிட்டு மறுபடி ஓடவைக்க முனைகிறவர்களைப் பைத்தியக்காரர் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அவர்களுடைய பிரயத்தனத்தில் விவேகமும் உண்டு, விசுவாசமும் உண்டு. எனக்குள்ள கவலை வேறொன்றைப் பற்றியது. வன்னியில் எஞ்சியுள்ள பழைய வாகனங்கள் இப்போது புதுமெருகு பெறுகிற முறையைப் பார்த்தால், அவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தை அடைகின்றனவே தவிர, இந்த மண்ணிலே உழைத்த காலத்தின் அடையாளங்களையெல்லாம் இழந்துவிடுகின்றன.

பழைய பிக்கப்புகளின்மேல் உண்டாகும் இந்த அபிமானம் நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் 1947 முதல் 1955 வரை வெளிவந்த செவர்லே பிக்கப்புகளையும், 1948இல் தொடங்கிய ஃபோர்ட் எஃப் வரிசைப் பிக்கப்புகளையும் பண்ணைக் கொட்டில்களிலிருந்து தேடியெடுத்து, வர்ணம் மங்கிய கதவையும் நெளிந்த மட்காட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சினையும் பிறேக்கையும் மாத்திரம் சீர்செய்து ஓட்டுவதில் ஆனந்தம் காண்கிறவர்கள் ஏராளம். அங்கே அது செல்வத்தின் நடுவில் பிறந்த ஆசை. பாட்டன் கழித்துப்போட்டதைப் பேரன் கண்டெடுக்கிறான். கியூபாவின் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் அங்கே வந்திறங்கிய அமெரிக்கக் கார்களை, 1962இல் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடைக்குப்பின், வேறு தேசங்களின் எஞ்சின்களையும் கையால் அடித்துச் செய்த உறுப்புகளையும் பொருத்தி அறுபதாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மக்கள் ஓட்டிவருகிறார்கள். வன்னியின் கதை கியூபாவின் கதைக்கே அணுக்கமானது. நாம் பழையதை விரும்பித் தேடிப் போனவர்கள் அல்லர், புதியது வந்துசேராத வாசலிலே பழையதோடு வாழப் பழகியவர்கள்.

அந்த வாசல் முதலில் சாத்தப்பட்ட காலம் நம்மிற் பலருக்குச் செழிப்பின் காலமாகவே ஞாபகத்தில் நிற்கிறது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு இறக்குமதியை இறுக்கியபோது, செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது. விசுவமட்டிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டிக் கமமாக்கிய படித்த வாலிபர்களின் குடியேற்றங்களும், இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்த வட்டக்கச்சி, உருத்திரபுரம், முரசுமோட்டை ஆகிய ஊர்களும் அந்த ஆண்டுகளிலே கையில் காசைக் கண்டன. ஆனால் மிளகாயை உள்நாட்டில் விலைபெறச் செய்த அதே கட்டுப்பாடு புது வாகனங்களையும் கடலுக்கு அப்பாலே நிறுத்திவிட்டது. ஆகையால் அந்தக் காசு ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், பெட்பேட் லொறி, மசி பெர்கியூசன் உழவு இயந்திரம் என்று ஏற்கெனவே நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தவற்றின்மேல் சென்றது.

அவை வன்னிக்குப் பொருந்தியதற்குக் காரணமும் உண்டு. மொறிஸ் மைனர், அலெக் இசிகொனிஸ் என்ற யந்திரச் சிற்பி வகுத்த வடிவில் 1948இல் காராக வெளிவந்தபோது அதன் உடலே அதன் எலும்பாக அமைந்திருந்தது. 1953இல் அதே வாகனத்தை வானாகவும் பிக்கப்பாகவும் செய்யத் தொடங்கியபோதோ, செசி என்று கராஜுகளிற் சொல்லப்படும் தனி அடிச்சட்டத்தின்மேல் உடலை ஏற்றினார்கள். 1947இல் அறிமுகமான ஒஸ்ரின் ஏ-40க்கும், அதன் அரைத் தொன் பிக்கப்புக்கும் அத்தகைய அடிச்சட்டமே ஆதாரம். தனி அடிச்சட்டம் உள்ள வாகனத்தின் மேலுடல் துருப்பிடித்து உதிர்ந்தாலும் வாகனம் சாவதில்லை. தகரம் போன இடத்தில் தச்சர் முதிரைப் பலகையைப் பொருத்தலாம். கொல்லர் பட்டறையில் இரும்புப் பட்டத்தைக் காய்ச்சியடித்துத் தாங்கி செய்யலாம். ஒட்டுவேலைக்காரர் விரிசலை மூடலாம். கிராமத்திலே முன்பே இருந்த தொழில்கள் அனைத்தும் அந்த வாகனத்துக்குள் புக இடமிருந்தது. இன்றைய சிறு லொறியொன்றின் மின்னணுப் பெட்டி பழுதானால் அதைத் தொடுவதற்குக் கொல்லருக்கோ தச்சருக்கோ என்ன வழி?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் மூத்தவர்கள் மறக்காத தட்டிவான் இந்தக் கூட்டுத்தொழிலின் உச்சம். பழைய லொறியின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தால் உடல் கட்டி, வாங்குகள் போட்டு, பின்புறத்தில் சங்கிலி தாங்கும் பலகைத் தட்டியொன்றை மாட்டி, அந்தத் தட்டியின்மேல் கடகங்களையும் மூட்டைகளையும் இடம் போதாத மனிதரையும் ஏற்றிக்கொண்டு அது சந்தைக்குச் சென்றது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடியவை குடாநாட்டில் பேர்பெற்றவை. ஓடிக்கொண்டிருந்த அவ்வளவு காலமும் ஒரே உருவத்தில் ஒரு தட்டிவானும் இருந்ததில்லை. பலகை மாறும், எஞ்சின் மாறும், கூரைச் சீலை மாறும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லொறிகளிலும் குடும்பம் குடும்பமாகச் சென்றிறங்கிய தலைமுறைக்கு, இந்த வாகனங்கள் பிரயாண சாதனம் என்பதற்கும் மேலான ஓர் உறவு.

இரண்டாம் முறை வாசல் சாத்தப்பட்டது 1990இல். அதைச் செழிப்பின் காலமென்று எவரும் சொல்லமாட்டார். ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வவுனியாவுக்கு வடக்கே பெற்றோலும் டீசலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தத் தடை நீங்கும்வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், வன்னியின் கராஜுகள் தாம் கையில் வைத்திருந்தவற்றைக்கொண்டே காலம் தள்ளின. மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்று நினைப்பார்கள். அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் அதைச் செய்தவர்கள் எழுதிவைக்கவில்லை.

பெற்றோல் குளிர்ந்த எஞ்சினிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது, அதற்குச் சூடு வேண்டும். ஆகையால் சிறு போத்தலொன்றில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை முதலிற் கிளப்பி, அது நன்றாய்ச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. அமுக்கம் கூடினால் உரிய கணத்துக்கு முன்னரே தீப்பற்றி எஞ்சினை உள்ளேயே சம்மட்டியாய் அடிக்கும். இங்கேதான் பழைமை பெரும் உபகாரம் செய்தது. ஏ-40 போன்ற எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. அக்காலத்துத் தாழ்தரப் பெற்றோலுக்கென்று வகுக்கப்பட்ட அந்தக் குறைந்த அமுக்கம் மண்ணெண்ணெயையும் ஒருவாறு பொறுத்துக்கொண்டது. தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினால் இன்னும் பொறுத்துக்கொண்டது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அந்த எண்ணெயை அடிக்கடி மாற்றாவிட்டால் பேரிங்குகள் தேய்ந்துவிடும். மாற்றுவதற்கு எண்ணெயும் இல்லாத நாட்டில், எப்போது மாற்றியே தீரவேண்டும், எப்போது இன்னுமொரு பிரயாணம் தாங்கும் என்பதை விரலிடையே தொட்டுப் பார்த்தும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டும் தீர்மானித்தார்கள்.

இதிலே கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட பெர்கியூசன் ரீஈ-20 உழவு இயந்திரத்தில், மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடுவதற்கென்றே அமைந்த ஒரு வகையும் இருந்தது; அதையும் பெற்றோலிற் கிளப்பித்தான் மற்ற எரிபொருளுக்கு மாற்றுவார்கள். அந்நாட்டுப் பொறியியலாளர் ஆய்வுகூடமும் அளவுகருவியும் கொண்டு அமைத்த முறையை, நம் மெக்கானிக்குகள் அடுப்புக்கும் விளக்குக்கும் பங்குபோட்ட மண்ணெண்ணெயில் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சலுக்குக் காது வைத்தபடி, காரிலும் மோட்டார் சைக்கிளிலும் தாமே செய்து முடித்தார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும், இடம்பெயர்ந்த குடும்பத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுசேர்த்ததும் அவ்வாறு ஓடிய எஞ்சின்களே. இதை நான் ஒரு சாஸ்திரம் என்றே மதிக்கிறேன்.

அதே பத்தாண்டுகளில், இதே தீவின் தென்பகுதியில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களுக்கென்று நிலையம் நடத்திவந்த சார்ல்ஸ் வேர் என்பவரின் முயற்சியால், மொறிஸ் மைனரின் உடற்பாகங்களைப் புதிதாய்ச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலகம் ஒன்று இயங்கியது. இங்கிலாந்தின் பழைய கார்ப் பிரியருக்கு இலங்கைத் தொழிலாளி செய்த மட்காட் கடல் கடந்து சென்றது. ஆனால் வவுனியாவை அடுத்த தாண்டிக்குளத்தைக் கடந்து வன்னிக்கு ஓர் உதிரிப்பாகம் வருவதற்கு வழியில்லை. தெற்கிலே உழைத்தவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை, அவர்களும் நல்ல கைத்தொழிலாளரே. ஒரே வாகனத்தின்மேல் கொண்ட பற்று ஒரே காலத்தில் ஒரே தீவில் எத்தனை வேறுபட்ட வழிகளிலே வளர்ந்தது என்பதை நாம் அறிந்திருக்கவேண்டும் என்றே இதைச் சொல்கிறேன்.

பின்னர் வந்த அழிவை நான் நீட்டி எழுதப்போவதில்லை. 2006 ஆவணியில், வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 தையில் கிளிநொச்சி வீழ்ந்தது. சனங்கள் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே கிழக்கே நகர்ந்தபோது, உழவு இயந்திரமும் லொறியும் பிக்கப்பும் ஓடக்கூடியவரை அவர்களோடு ஓடின. எரிபொருள் தீர்ந்த இடத்தில், செல் விழுந்த இடத்தில், கடலும் நந்திக்கடலும் வழிமறித்த இடத்தில் அவை நின்றன. யுத்தம் ஓய்ந்து ஆண்டுகள் சென்றபின்னும் முள்ளிவாய்க்கால் வெளியில் எரிந்தும் துருவேறியும் குவிந்துகிடந்த வாகனங்களைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி மறவாது. சொந்த வாகனத்தை அடையாளம் காட்டத் தேடிப்போனவர்களிற் பலரிடம் பதிவுப் புத்தகம் இல்லை. அதுவும் பதுங்குகுழியிலோ பாதியிலே விட்ட பெட்டியிலோ போய்விட்டது. எஞ்சியவை பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிகளின் தராசில் நிறுக்கப்பட்டு வெளியேறின. அரை நூற்றாண்டுக் கைவேலை நிறைக் கணக்கில் விலைபோயிற்று.

ஆகவே இன்று வன்னியிலே ஒரு பழைய பிக்கப் எஞ்சி நிற்குமானால் அது சாமானியப் பொருள் அல்ல. ஆனால் அதன் உடமையாளருக்கு அதை விற்கவேண்டிய நிர்ப்பந்தம் பல திசைகளிலிருந்தும் வருகிறது. யுத்தத்தின்பின் ஏ-9 வீதி நெடுகிலும் முளைத்த லீசிங் நிலையங்கள் சிறு லொறிகளைத் தவணைக்குக் கொடுத்தன. டிமோ பட்டா என்று நாம் அழைக்கும் ராரா வாகனம் கமத்து வாசல்தோறும் வந்தது. வசதியை நான் மறுக்கமாட்டேன். தவணை தவறியவர்களின் வாசலிலிருந்து அது மறுபடி போனதையும் ஊர் கண்டது. வேலியோரத்துப் பழைய பிக்கப்பை எந்தக் கம்பனியும் இழுத்துக்கொண்டு போக முடியாது. 2020 பங்குனி முதல் 2025 மாசி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த மூன்றாவது மூடலிலும், 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளிலும், பழையதைப் பழுதுபார்த்து ஓட்டத் தெரிந்த கைகளின் அருமை நாடு முழுவதற்கும் விளங்கியது. அந்தக் கைகளுக்கு உரியவர்களோ முதுமை அடைந்துவிட்டார்கள்.

இனி நான் சொல்லவந்த பிரதான விஷயத்துக்கு வருகிறேன். பணமுள்ள அபிமானியொருவர், கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ, அத்தகைய பிக்கப்பொன்றை வாங்கிப் புனருத்தாரணம் செய்யும்போது பெரும்பாலும் நடப்பது இது: முதிரைப் பலகைத் தட்டு கழற்றி எறியப்படுகிறது, கொல்லர் அடித்த தாங்கி போய் இங்கிலாந்திலிருந்து தருவித்த தாங்கி வருகிறது, செல் துண்டு துளைத்த கதவின் ஒட்டு தேய்க்கப்பட்டுக் கண்ணாடிபோன்ற வர்ணத்தில் மறைகிறது, கையால் எழுதிய இலக்கத்தகடு புது அச்சுக்கு இடங்கொடுக்கிறது. அந்த இலக்கத்தகடும் அற்பமானதன்று. 1957இல் வாகன இலக்கங்களிலே சிங்கள ஸ்ரீ புகுத்தப்பட்டதும், தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியதும், 1958இல் அந்த எழுத்தின்மேல் தார் பூசப்பட்டதும் இந்நாட்டு அரசியற் சரித்திரத்தின் அத்தியாயங்கள்; அதற்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடும் பிந்திய ஸ்ரீத் தகடும் அந்தச் சரித்திரத்தின் சாட்சிப் பொருள்கள். இவ்வளவையும் நீக்கியபின் அபிமானியின் முற்றத்தில் நிற்பது மிக அழகான மொறிஸ் மைனர்தான். அத்தகைய மொறிஸ் மைனர்கள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வன்னியில் ஓடிய மொறிஸ் மைனர் வன்னியில் மாத்திரமே இருந்தது.

கோயில் திருப்பணியில் நாம் அடிக்கடி காணும் தவறும் இதுவே. கல்லிலே சாந்து பூசி, சாந்தின்மேல் பளபளக்கும் வர்ணம் பூசி, பாட்டன் காலத்துச் சிற்பியின் உளி பட்ட இடமே தெரியாமற் செய்துவிட்டுக் கும்பாபிஷேகம் நடத்துகிறோம். புராதன வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம், பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று 1964இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, டூரின் சாசனம் என்ற பெயரில் வாகனங்களுக்கும் ஒன்றை வகுத்து 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காப்பது முதன்மையானது, மாற்றுவது இயன்றவரை குறைவானது, செய்த வேலையைப் பதிவுசெய்வது கட்டாயமானது என்பவை அதன் சாரம். அமெரிக்கக் கிராமத்துப் பிக்கப் பிரியர்கள் சாசனம் எதையும் படியாமலே மங்கிய வர்ணத்தை மங்கியபடியே விடுவதும் அதே நியாயத்தை உணர்ந்ததால்தான்.

பழைய வாகனம் புகையைக் கக்கும், பிறேக் பிடிக்காது, வீதியில் ஆபத்து என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. பிறேக், சுக்கான், சில்லு, ரயர், விளக்கு, அடிச்சட்டத்தின் உறுதி ஆகியவற்றிலே தழும்புக்கு மரியாதை செய்ய இடமில்லை; அவற்றைப் புதுப்பித்தே ஆகவேண்டும், புகைப் பரிசோதனைக்கும் உட்படவேண்டும். நான் காக்கச் சொல்வது உயிராபத்தில்லாத உடற்பகுதிகளையும், கழற்றப்படும் பழைய உறுப்புகளையும். கழற்றிய தாங்கியையும் மண்ணெண்ணெய்க்கென்று துளை மாற்றிய காபரேற்றரையும் பெயரிட்டு ஒரு பெட்டியிலே வைத்தால் என்ன செலவாகும்? அதைக்கூடச் செய்யாமல் பழைய இரும்புக்கு அனுப்புகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் 2016இல் தொடங்கிய இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனம் மோட்டார் வாகனத் தொழிலைக் கற்பிக்கிறது. இவ்விடங்களில் பயிலும் பிள்ளைகள் தம் படிப்பின் செயற்றிட்டமாக, தமது ஊரின் மூத்த மெக்கானிக் ஒருவரை அணுகி, தடைக்காலத்தில் எந்த எஞ்சினில் எந்த மாற்றத்தைச் செய்தார், எது பலித்தது, எது எரிந்துபோயிற்று என்று கேட்டெழுதி, முடிந்தால் அந்த முறையைச் சோதனைக்கூடத்தில் ஓட்டி அளந்தும் பார்க்கலாம். அவ்வாறு எழுதியதைப் பாதுகாக்க நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்கள் நமக்கு உண்டு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் ஓர் உபகாரம் செய்யலாம்: யுத்தத்திலே பதிவுப் புத்தகத்தை இழந்து, வாகனத்தை மாத்திரம் எப்படியோ காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு, கிராம அலுவலரின் அத்தாட்சியையும் அடிச்சட்ட இலக்கத்தையும் ஆதாரமாகக்கொண்டு பதிவைப் புதுப்பித்துக் கொடுக்க விசேஷ ஏற்பாடு ஒன்று வேண்டும். ஆவணமில்லாத வாகனத்துக்கு இன்று விலை கொடுப்பவர் பழைய இரும்பு வியாபாரி ஒருவரே.

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் சிலர், தகப்பனார் ஓட்டிய ஏ-40ஐத் திருத்தும்படி ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. வர்ணம் பூசிய படத்தை அனுப்பச் சொல்லுமுன், அந்த வாகனத்தை முன்பு பழுதுபார்த்தவர் யார், பலகை வைத்த தச்சர் யார், எந்த ஆண்டு எந்த எஞ்சின் மாறியது என்று விசாரித்து எழுதுவியுங்கள். அந்த விபரத்தை ஒரு சிறு பித்தளைத் தகட்டிலே பொறித்து, சாரதியின் கதவுக்கு உட்புறத்தில், மெக்கானிக்கின் பெயரை உடமையாளரின் பெயருக்கு முன்னதாக வைத்து, நான்கு ஆணிகளால் அறைந்துவிடுங்கள்.